ஈர்க்குச்சியில் பதினொரு பேர்

நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான்
அவர்கள் தூங்க வருவார்கள்.
மாலை ஆறே முக்கால்,
தெலோக் பிளாங்கா, இரண்டாம் மாடி,
எங்கள் வாசலுக்கு எதிரே தொட்டிகள் நிற்கும் மூலை.

எனக்கு இரவு ஷிப்டு, பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
அதில் உட்கார்ந்து பெட்டிகளை எடுத்து
பெட்டிகளின் மேல் வைப்பேன்.

செடி ரொகாயா கொடுத்தது, எதிர் புளோக்.
பழைய மைலோ டின்னில் ஒரு கொம்பு.
"செண்டுடோக்," என்றார்.
செண்டு வரை எனக்குப் புரிந்தது.
மீதி
மூன்று மாதம் கழித்து ஊதாவாய்ப் பூத்தது.

இந்தப் பூவில் தேன் கிடையாது.
மகரந்தத்தையும் சும்மா கொடுக்காது.
பை நுனியில் ஊசிமுனைத் துளை, அவ்வளவுதான் வாசல்.
நீலவரித் தேனீ வந்து கட்டிப்பிடித்து
சிறகை அசைக்காமல்
உடம்பை மட்டும் அதிரவைக்கும்.
சுருதி சேர்ந்தால் பொடி உதிரும்.
சேராவிட்டால் அடுத்த பூ.
முதல் தடவை கேட்டபோது
கைப்பேசி என்று சட்டைப்பையைத் தடவினேன்.

அது பெண். அவளுக்கு மண்ணுக்குள் அறை உண்டு,
புளோக்குக்குப் பின்னால், சரிவில் எங்கேயோ.
ஆண்களுக்கு வீடு இல்லை.
பதினொரு பேர்
காய்ந்துபோன ஒரு கொடித்தண்டைத்
தாடையால் கவ்விக்கொண்டு
காலை மடக்கிக்கொண்டு
வரிசையாய்த் தூங்குவார்கள்.
"உங்க ஆளுங்கதான்," என்றாள் குமுதா,
மீன் அலசிய கையோடு எட்டிப் பார்த்து.

ஆகஸ்ட்டில் நகர மன்றம் நோட்டீஸ் ஒட்டியது.
நடைவழி தாராளமாக இருக்க வேண்டும்.
தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது.
பட்டுப்போன செடிகளை அகற்றவும்.

நான் ஒழுங்கான ஆள்.
ஒரு பெட்டி ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாலும்
தூக்கம் வராது எனக்கு.
தட்டுகளைக் கவிழ்த்தேன்.
தொட்டிகளைச் சுவரோடு ஒட்டினேன்.
பட்டது எது என்று தேடினேன்.
படக்.

சாயங்காலம் வந்தார்கள்.
தண்டு இருந்த இடத்தைச் சுற்றினார்கள்.
காற்றிலேயே ஒரு தண்டு வரைவதுபோல்
மேலே, கீழே,
ஒருவர் கிட்டே போய்
ஒன்றுமில்லாததைக் கவ்வப் பார்த்து
நழுவி
மறுபடி.

தண்டு சரிவுச் சாக்கில் போய்விட்டது.
கையில் கிடைத்த ராஃபியா கயிற்றைக் கட்டினேன்.
வழுக்கியது போலும். வேண்டாம் என்றார்கள்.
சாத்தே குச்சி தடிமன்.
சட்டை மாட்டும் கம்பி, அதுவும் இல்லை.
வெளிச்சம் குறைகிறது, என் பஸ் போகிறது,
பதினொரு பேர் அந்தரத்தில்.

குமுதா எதுவும் கேட்கவில்லை.
உள்ளே போனாள்.
விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி வந்து
பழைய முடிச்சிலேயே தொங்கவிட்டாள்.

முதல் ஆள் உட்கார்ந்தார்.
கவ்வினார்.
இடித்துக்கொண்டு இரண்டாமவர்.
அதற்குமேல் பார்க்க நேரமில்லை, ஓடினேன்.

ஏழு நிமிடம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
பஸ் என்று எழுதினேன்.

நள்ளிரவு தாண்டி,
நாற்பதடிப் பெட்டி ஒன்று கடலுக்கு மேல் ஊசலாட,
அது நிற்கட்டும் என்று காத்திருக்கையில்
கவனித்தேன்:
நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

காலையில் வந்து எண்ணினேன்.
பத்து.
கண் எரிச்சலோடு இன்னொரு தரம். பத்து.
"ஒருத்தர் சீக்கிரமா எழுந்து போயிருப்பார்,"
கதவுக்கு உள்ளிருந்து குமுதா.
இருக்கலாம்.

செண்டுடோக்கில் இரண்டு புதுப் பூ.
ஒன்றில் அந்த அதிர்வு
விட்டு விட்டு
கேட்டுக்கொண்டிருக்கிறது.
சாவி கையில்தான் இருக்கிறது.