பன்னிரண்டாவது பலகை

பிரதேச சபை தந்தது பன்னிரண்டு பலகை.
பச்சை அடிப்பூச்சு, வெள்ளை எழுத்து,
பலகைக்கு ஆயிரத்து நானூறு.
பெயின்ற் காசு என் கையிலிருந்து.

பூப்பறிக்க வேண்டாம்.
பூ இன்னும் பூக்கவில்லை.
நாய்களுக்கு அனுமதியில்லை.
நாய்கள்தான் முதலில் வந்தன.
வேம்பு, மருது, நாவல்:
முழங்கால் உயரக் கன்றுகளுக்கு
அவற்றைவிட உயரமான பெயர்ப்பலகை.

கப்பல்துறையில் எல்லோருக்கும் இது கிறவல் கிடங்கு.
தாளில் ‘பொதுமக்கள் பசுமைப் பூங்கா’.
நான் தாளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

கடைசிப் பலகை தண்ணீர்க்கரைக்கு.
‘ஆழம் 12 அடி. குளிக்கத் தடை.’
ஒன்றை நிறுத்திவிட்டு
இரண்டின் வாலை வளைக்கையில்
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
டிப்பர் ஓடிய நிஸ்தார்.

“பன்னிரண்டா? ஆர் தங்கச்சி அளந்த?
நான் ஏத்தினது மட்டும் ஆறாயிரம் கியூப்.
பெக்கோ கை நீட்டியும் எட்டாம
தட்டு வெட்டி, தட்டுக்குள்ள தட்டு வெட்டி இறக்கின.
மேல நிண்டு பாத்தா
பெக்கோக்காரன்ட தொப்பி சோடா மூடியளவு.”

அவ்வளவையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டினீர்கள்?

விரல் மடித்தார்.
நிலாவெளிப் பக்கம் ரோட்டு.
உப்புவெளியில் ஒரு ஹோட்டல் முற்றம்.
மாரியில் குளமாகும் பள்ளிக்கூட மைதானம்.
சுனாமிக்குப் பிறகு எழும்பிய வீடுகள்,
அது கணக்கில்லை, இரவிலும் ஓடினதாம்.
விரல் முடிந்தது.
மறுபடி பெருவிரலில் தொடங்கினார்.

எங்கள் வீடும் அந்தக் கணக்கில் ஒன்று.
மழைக்கு முற்றம் சிவப்பாய்க் கரையும்;
வெள்ளைச் சப்பாத்தைத் தேய்த்துத் தேய்த்தே
பத்தாம் வகுப்பு முடித்தேன்.
இங்கிருந்து எழும்பிப் போன மேடு
ஊர் முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடக்கிறது.
அதன்மேல் நடக்க
எந்தச் சபையும் எங்களுக்குத் திறந்துவைக்கவில்லை.

நிஸ்தார் சறுக்குமரம் வரை
முதுகுப் பக்கமாகவே நடந்து போனார்.
“இதுக்குள்ள நான் ஒருநாளும்
முன்னால பாத்து வரல்ல.
எப்பவும் ரிவேர்ஸ்தான்.”
ஊஞ்சலில் இருந்த பிள்ளைகள்
பீப் பீப் என்று கத்தின.
அவருக்கு வழி விட்டன.

தொழில்நுட்ப அதிகாரிக்குப் போன் எடுத்தேன்.
“தாளில் உள்ளதை எழுதுங்கோ.”
தாளில் உள்ளதைத் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தேன்.

திறப்பு விழா, நாடா, கேக்.
தவிசாளர் எல்லாப் பலகையையும் பாராட்டினார்.
‘ஆழம்        அடி’ என்று நிற்பதை
யாரும் வாசிக்கவில்லை, பிள்ளைகளைத் தவிர.

திங்கள் காலை அந்த இடைவெளியில்
கிறவல் கட்டியால் 40 என்று இருந்தது.
புதன்கிழமை 1000.
இன்று வேறொரு கையெழுத்து,
இலக்கம் இல்லை:
‘இன்னும் இருக்கு’.