பதினோராம் பந்தி

பதினோராம் பந்தியில் நிற்கிறேன்.
"தொண்ணூறாம் ஆண்டு ஆனி தொட்டு
கடலுக்குப் போக விடேல்லை."
கிறகோரி சொன்னபடியே தமிழில் எழுதியாயிற்று.
இனி ஆங்கிலம்.
சத்தியக்கடதாசி, பக்கம் எண்ணூறு ரூபா,
மூன்று மணிக்குள் சட்டத்தரணிக்கு வேணுமாம்.

விடேல்லை.
இந்த ஒரு சொல்லுக்கு அங்கே ஆறு கதவு,
ஆறுக்கும் ஒரே பச்சைப் பெயின்ற்.

முதலில் றெஸ்றிக்ற் என்று போட்டேன்.
ஃபைலில் கிடக்கும் கந்தோர்க் கடிதமும்
அப்படித்தான் சொல்கிறது,
முத்திரை குத்தி, வலு மரியாதையாக.
ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு வேலி நிற்கிறது.
வேலி என்றால்
இந்தப் பக்கம் கொஞ்சமாவது காணி இருக்கவேணுமே.

"ஒரு துண்டுக் கடலாவது விட்டவையோ?"

வாங்கில் இருந்தவர் சாரத்தை இழுத்துவிட்டார்.
"முதல் பாஸ் தந்தவை, பிள்ளை.
காலமை ஆறுக்குப் போய்
பின்னேரம் நாலுக்குக் கரையில நிக்கவேணும்.
பிறகு எஞ்சின் ஏலாது எண்டவை.
பிறகு ஐந்நூறு யார்.
ஐந்நூறு யாருக்குள்ள என்ன கிடக்கு? சாதாழை.
பிறகு கரையே இல்லை."

லிமிற், றெஸ்றிக்ற், புறொஹிபிற்:
வருஷ ஒழுங்கில்
அவர் வாயிலிருந்து படியிறங்கி வருகின்றன,
அவருக்கு ஒன்றின் பெயரும் தெரியாது.

பான் என்றும் ஒன்று உண்டு.
இந்த ஊர்க் காதில் அது பேக்கரிச் சொல்,
சுடச்சுட ஒரு றாத்தல்.
அதோடு அது சாமான்களுக்கும் படங்களுக்கும் போடுவது.
ஒரு மனிசனைக் கடலிலிருந்து எப்படிப் பான் பண்ண?

போபிட் மிச்சம்.
அதற்கு ஒரு முகம் வேணும்.
மதர் சுப்பீரியர், தகப்பன், ஆண்டவர்,
எதிரில் நின்று வாய் திறந்து சொல்லும் ஒராள்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. தடை.
எத்தினை பெரிய சாக்கு அந்தச் சொல்!
சவுக்காரம், ரோச் பற்றி, மண்ணெண்ணெய், யூரியா,
வீதி, கடல், இரவு,
எல்லாம் அதுக்குள் போட்டுக் கட்டித்தான் தந்தார்கள்.
எந்த முடிச்சு எந்தக் கை போட்டதென்று
நாங்களும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.
ஆங்கிலம் விடாது. எழுவாய் எங்கே என்கிறது.

"ஆர் சொன்னது, போகாதை எண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை.
பலகை நட்டிருந்தது. எனக்கு வாசிக்கேலாத எழுத்து."
கொஞ்சம் பொறுத்து,
"வாயால சொன்னது எங்கட மனிசி மட்டும்தான்.
பெரிய வியாழன் ராவு.
படலையில குறுக்க நிண்டவ.
தம்பியைக் கூட்டிக்கொண்டு போனா
என்ர முகத்தில முழிக்காதையுங்கோ எண்டவ."

"போனீங்களோ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, பேனையைப் பார்த்தார்.
"அதை எழுதாதை, பிள்ளை."

பதினோராம் பந்தியில்
புறொஹிபிற் என்று ரைப் செய்தேன்,
செய்வினையை மாற்றிச் செயப்பாட்டுவினையாக,
செய்தவர் இல்லாமல்.
சட்டத்தரணிக்கு அது போதும்.

முகம் கேட்ட சொல்லை எங்கும் போடவில்லை.
அதற்கு இப்போது இரண்டு பேர்:
படலையில் ஒருத்தி, வாங்கில் ஒருவர்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம்.
பக்கத்துக் கடையில் இன்னும் மூன்று பிரதி எடுக்கவேணும்.