எந்தத் தலைப்பில் எழுதுவது

பதினான்கு ஸ்டூல் வந்திறங்கிவிட்டது.
பில் என் மேசையில்.
ஒன்று அறுநூற்று எண்பது, வரி தனி.
எந்தத் தலைப்பில் எழுத?

சட்டம் வந்தபோது வாங்கவில்லை.
அதை அச்சடித்து
ஊழியர் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம்,
அவ்வளவுதான்.

வாங்க வைத்தது
ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில்
செக்கானூரணியிலிருந்து வந்த சத்துணவு அமைப்பாளர்.
மகளுக்குப் பட்டு.
நாற்பத்தோரு புடவை பிரித்தாயிற்று.
அடுத்ததை எடுக்க எக்கிய சோலைமணியின்
கெண்டைக்காலில்
நரம்பு நீலமாய் முடிச்சிட்டிருந்ததைப் பார்த்தார்.
"எப்பம்மா உக்காருவே?"
"கடை சாத்துனதும்க்கா."
பதினெட்டாயிரத்துப் புடவையை
மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்தார்.
குரலை உயர்த்தவில்லை.
"அண்டா முன்னாடி இருபத்தாறு வருசம் நின்னவ நான்.
இதைக் கட்டிக்கிட்டு
எம்புள்ள மணையில உக்காரணுமா?"
படியிறங்கினார்.
கூட வந்த ஏழு பேரும் இறங்கினார்கள்.

தெற்கு மாசி வீதியில்
முப்பது வருடம் கடை வைத்திருக்கும் முதலாளி
அன்றிரவு கேட்டது ஒன்றுதான்:
"எட்டுப் பேரும் ஊருல போய் என்ன சொல்லுவாங்க?"
கடையின் மனசாட்சியை நான் அன்றுதான் பார்த்தேன்.
அது பஸ் ஏறி
ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தது.

தீபாவளிக்குக் கோரிப்பாளையம் சிக்னலில் தட்டி வைக்கிறோம்.
'எங்கள் பெண்கள் உட்கார்ந்தே வரவேற்பார்கள்.'
படத்தில் உட்கார்ந்திருப்பவள்
ஒரு நாளும் இங்கே நின்றதில்லை.
எதிர்க்கடையில் பதினாறு சொல்லியிருக்கிறார்களாம்,
மெத்தை வைத்து.
பொறாமையில் வந்தாலும்
மெத்தை மெத்தைதான்.

சோலைமணி இன்று உட்கார்ந்தாள்.
பாதி உடம்பை மட்டும்,
அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவளைப்போல.
யாரோ படியேறும் சத்தம். எழுந்துவிட்டாள்.
சும்மா கூரியர் பையன்.
அவளே சிரித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்,
இந்த முறை முதுகைச் சாய்க்க
இடம் தேடினாள். ஸ்டூலுக்கு முதுகு கிடையாது.

முதலாளி விளம்பரச் செலவு என்கிறார்.
ஆடிட்டர் ஊழியர் நலன் என்று போடச் சொல்கிறார்,
பார்க்க நன்றாயிருக்குமாம்.
பழைய பேரேட்டைப் புரட்டினேன்.
பத்தொன்பது வருடம் முன்பு
எனக்கு ஒரு நாற்காலி வாங்கியிருக்கிறார்கள்.
கைப்பிடி வைத்தது, சுழலும்.
அதை எழுதியிருந்த தலைப்பு:
அவசியம்.

பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
நாளை யாராவது கேட்டால்தான்
பேனா எடுக்க வேண்டும்.

அந்த அம்மா இன்னும் வரவில்லை.