எஃப் ஒன்பது

ஞாயிறு இரவு மதுரையில் இருந்தபடியே
யாரோ என் மவுஸை நகர்த்தினார்கள்.
திங்கள் காலை தேவகோட்டைக் கடையில்
பில் போடும் திரை வெள்ளைவெளேரென்று இருந்தது.

எஃப் ஒன்பதை அழுத்தினேன்.
ஒன்றும் திறக்கவில்லை.
விரலுக்குப் பழக்கம், மறுபடி அழுத்தியது.

பில்லில் அச்சாகாத ஒரு கட்டம் அங்கே இருந்தது.
பதினோரு வருஷமாக அதில் எழுதிவந்தேன்:
பெத்தபெருமாள், எழுத்துக் கூட்ட வராது,
மாத்திரையை நிறத்தில் சொல்.
புதுவயல் டிரைவர், ஐந்தாம் தேதிக்கு முன்
பாக்கி கேட்காதே.
அடைக்கம்மை, சிறுவயல். சர்க்கரை.
மகளுக்குச் சொல்லவில்லை.

"ஆயிரத்து இருநூறு கடையில
நாலு கடைதான் அதைத் தொட்டிருக்கு மேடம்,"
என்றான் போனில். நல்ல பையன்தான்.
பதிலுக்கு வாட்ஸ்அப் பில் இலவசமாம்.

பதினொன்றரைக்கு அடைக்கம்மை அக்கா வந்தார்,
பஸ் டிக்கெட்டைச் சுருட்டி வளையலுக்குள் செருகியபடி.
அவருடையது எனக்கு மனப்பாடம்.
பேசாமல் எடுத்துவைத்தேன்,
எண்டர் தட்டினேன்.

பச்சை டிக் ஒன்று குதித்தது:
பில் அனுப்பப்பட்டது.

எந்த நம்பருக்கு?
கணக்குத் திறந்த அன்று
மகள்தான் கூட வந்திருந்தாள்.
அவள் நம்பர்தான் கொடுத்தார்கள்.
ஷார்ஜாவில் இருக்கிறாள் இப்போது.

அக்கா சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
மஞ்சள் பைக்குள் போன் அடித்தது.
"இந்த நேரத்துல கூப்பிட மாட்டாளே,"
என்று சிரித்தபடி எடுத்தார்.