உள்ளே கிடப்பது

ஸ்வானெகேயில் நவம்பர் மாதம்
நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
கதவைச் சாத்தப் போனபோதுதான் வந்தார்,
கம்பளிச் சட்டைக்குள் எதையோ அணைத்தபடி,
கடல் காற்றில் விறைத்த ஆட்டுக்குட்டியைக்
கொண்டுவருபவர்போல.

என் ஜாடி.
ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கை.
அப்போது எல்லாக் கழுத்தையும் வளைத்துக்கொண்டிருந்தேன்.
வாங்குபவர்கள் அன்னம் என்பார்கள்,
எனக்கென்னவோ அது சமையலறைக் குழாய்.
பச்சைப் பூச்சு ஒரு தோளில் மட்டும் வழிந்து
பாதியில் நின்றிருக்கும்,
எழுந்து போகலாமா வேண்டாமா என்பதுபோல.

"குலுக்கிப் பாருங்கள்" என்றார் வால்டமார்.
குலுக்கினேன்.
கிலுக்.

தூசி தட்டும்போது கேட்டதாம்.
முன்பெல்லாம் தோவே தட்டுவாள்.
அவளுடைய தோடு ஒன்று, முத்து வைத்தது,
மருத்துவமனைக்குப் போன வாரத்தில் காணாமல் போயிருந்தது.
தோவே திரும்பவில்லை.
அவர் சோபாவைக் கிழித்தார்,
குளியல் தொட்டியின் குழாயைக் கழற்றினார்.
இப்போது இது.
கவிழ்த்தால் வளைவில் போய்த் தங்கிவிடுகிறது.
கம்பி விட்டார், டார்ச் அடித்தார்,
பல் மருத்துவரிடம்கூடக் கொண்டுபோனாராம்;
அவளுடைய குட்டிக் கேமரா கழுத்தோடு நின்றுவிட்டது.

"உடைக்கச் சொல்கிறாள் மகள்.
இதையும் அவள்தான் வாங்கினாள், தோவே.
அறுக்க முடியுமா? சுவர் எவ்வளவு கனம்?
செய்தவருக்குத் தெரியுமே."

தெரியும்.
அந்த வாரம் எனக்குக் காய்ச்சல்.
கழுத்தைத் தோளில் ஒட்டும்போது
உலர்ந்த துணுக்கொன்று உள்ளே உதிர்ந்தது,
சுண்டுவிரல் நகமளவு.
பிய்த்து மறுபடி ஒட்டியிருக்கலாம்.
தண்ணீர் வைக்கவா போகிறார்கள், பார்க்கத்தானே என்று
உள்ளே பூச்சுகூடப் பூசாமல் சூளையில் ஏற்றினேன்.
ஆயிரத்து இருநூறு டிகிரியில் அதுவும் கல்லானது.
என் சோம்பல்தான்
இந்த மனிதரைத் தூங்கவிடாமல் கிலுங்குகிறது.

சொல்லத்தான் வாயெடுத்தேன்.
அவர் தன் குல்லாயைக் கழற்றி
என் மேசையில், ஆறிய காபிக்குப் பக்கத்தில்,
ஜாடிக்கு மெத்தையாக விரித்துக்கொண்டிருந்தார்.
தலையில் முடி அழுத்தி ஒட்டியிருந்தது.

இன்னொரு தடவை, என்றேன்,
நேரம் வாங்கத்தான்.
காதோடு வைத்து மெல்லச் சாய்த்தேன்.
உருண்டது என்னுடையது.
மண்ணோடு மண் உரசும் சத்தம்
எனக்குத் தெரியாதா.
அது போய் வளைவில் உட்கார்ந்த பிறகு,
நான் மூச்சை அடக்கியிருந்த பிறகு,
அதைவிட லேசாக ஒன்று,
தாமதமாக,
பின்னால் வந்து சேர்ந்தது.

நான் உறுதியாகச் சொல்லவில்லை.
இருப்பது இரண்டு என்று மட்டும் சொன்னேன்.

"இரண்டா? அவளுக்குத் தொலைந்தது ஒன்றுதான்."

இன்னொன்று என்னுடையது என்றேன்.
காய்ச்சலையும் சொன்னேன்.

வெகுநேரம் பார்த்தார்.
"ஒன்பது வருஷமா எங்கள் வீட்டிலா?" என்றார்.
"வாடகையே தரவில்லையே நீங்கள்."

அறுக்கும் தகடு ஆணியிலேயே தொங்குகிறது.
குல்லாயோடு சேர்த்து ஜாடியை அவர்
சைக்கிள் கூடையில் வைத்தார்.
வெறுந்தலையோடு போனார்.
கல் பாவிய தெருவல்லவா,
மீன் புகைபோடும் கொட்டகை திரும்பும்வரை
நாங்கள் இரண்டு பேரும் போவது
கேட்டுக்கொண்டிருந்தது,
தோவேயும் நானும்.