அரை மாத்திரை

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மாத்திரை
என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் தத்தமங்கலம் டாக்டர்.
அதை நகத்தால் உடைத்துக்கொண்டே
ஏழாம் வகுப்புத் தாள்களைத் திருத்துகிறேன்.
மெய்யெழுத்துக்கும் அரை மாத்திரைதான்.
விடுபட்டால் அரை மதிப்பெண் போகும்.
முப்பத்தொரு தாள், ஒரு சிவப்புப் பேனா.
கொழிஞ்சாம்பாறையில் கரண்ட் வந்து வந்து போகிறது.

மிகும் இடம், மிகா இடம்.
ஜூன் முதல் வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தேன்.
அந்த இந்த எந்த, மிகும்.
அது இது எது, மிகாது.
முப்பத்தொரு தலைகள் முன்னும் பின்னும் ஆடின,
ஓட்டின்மேல் மழை கூடவே தாளம் போட்டது.
ஏன் டீச்சர் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?
எனக்கும் யாரும் சொன்னதில்லை.

பதினேழாவது தாள் ஷிஜியுடையது.
ஓர் ஒற்றும் விடவில்லை அவள்.
புள்ளிதான் வைக்கவில்லை.
புள்ளி இருக்கவேண்டிய தலைகளில் எல்லாம்
மலையாளத்துச் சந்திரக்கலை,
வெட்டிப்போட்ட நகம் போல.
'பள்ளிக்குச் சென்றாள்'
என்ற ஒரே வரியில் ஐந்து நிலா.

எங்கே கற்றாய் என்று கேட்க வேண்டாம்.
அவள் வீட்டுக்கு எதிரே கள்ளுக்கடை.
வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து,
கள்ளு ஷாப்பு.
இரண்டு சொல்லுக்கும் கடைசியில் பிறை உண்டு.
நம் புள்ளி உயிரை எடுத்துவிடும்.
அந்தப் பிறை உகரத்தைப் பாதி உயிரோடு விடும்.
நாக்கு நிற்பதும் அங்கேதான்,
கள்ளுக்கும் கள்ளுக்கும் நடுவில்,
எழுதிக் காட்ட என்னிடம் குறி இல்லாத இடத்தில்.
எங்கள் புத்தகம் அந்த இடத்துக்குக் குற்றியலுகரம் என்று பெயர் வைத்து
வல்லினத்துக்கு மட்டும் அனுமதி தந்தது.
ஷாப்பு அதில் சேரும். கள்ளு சேராது.
சேர்ந்ததன் தலையிலும் ஒரு காலத்தில் புள்ளி இருந்ததாம்.
எடுத்தவருக்கு யார் மதிப்பெண் குறைத்தார்கள்?

போன வாரம் கேட்டேன்:
பனை, காய். சேர்த்துச் சொல்லுங்கள்.
பனைக்காய் என்றான் ஜப்பார், நோட்டைப் பார்த்து.
ஷிஜி சிரித்துவிட்டாள்.
"பனங்காய் டீச்சர். பனைக்காயின்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"
அவ்வளவுதான், வகுப்பு கிளம்பியது.
தென்னங்கீற்று! புளியங்கொட்டை! வேப்பம்பூ!
ஒருவன் பனங்கள்ளு என்று கத்திவிட்டு வாயைப் பொத்தினான்.
நான் எதையும் சொல்லித்தரவில்லை.
எல்லாமே சரியாக இருந்தன.
பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி
'ஐகாரம் கெட்டு அம்முச்சாரியை தோன்றியது'
என்று எழுதினேன்.
திரும்பிப் பார்த்தபோது
வகுப்பில் சத்தமே இல்லை.
எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

விதிப்படி பார்த்தால் இந்தத் தாள் முழுக்கப் பிழை.
எண்ணினேன், இருநூற்றுப் பன்னிரண்டு நிலா.
அரை அரையாகக் குறைத்தால்
அவள் பத்தாம் வகுப்பு வரை எனக்குக் கடன்படுவாள்.
மேலிடத்திலிருந்து வந்த வினாத்தாளோ
'கீழ்கண்ட வினாக்களுக்கு' என்று தொடங்குகிறது.
அங்கே ஒரு க் இல்லை.
அதன்மேல் சிவப்பு மை வைக்க
எனக்கு அதிகாரமும் இல்லை.

சும்மா இருக்க முடியாமல்
ஒவ்வொரு பிறைக்குள்ளும் ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தேன்.
சிறியதாக, வலிக்காமல்.
ஜப்பார் பார்த்தால் பள்ளிவாசல் கொடி என்பான்.
அவள் என்ன சொல்வாள் தெரியவில்லை.
பதினோராவது நிலாவில் கரண்ட் போனது.

இருட்டில் மேசையைத் தடவுகிறேன்.
மாத்திரையில் ஒரு பாதி கைக்குக் கிடைக்கிறது.
இது இன்றைக்குப் போட வேண்டியதா,
போட்டதுபோக மிச்சமா?