நாலாவது மூலை

முதலில் சக்கரம்.
செருப்பு முனையால் நான்கையும் மிதித்துப் பூட்டி
இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பேன்.
கட்டில் நகரக் கூடாது.
அதன் பிறகுதான் ஆள்.

இன்றைக்குத் தேசப்பன், ஐம்பத்தாறு, காசிமேடு.
பித்தநாளத்தில் கல். கண்ணெல்லாம் மஞ்சள்.
துறைமுகத்தில் லாஷிங் வேலை:
கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்களைக்
கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிறவர்.

பல் செட்டைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி
மகள் பவளக்கொடியிடம் கொடுத்தாயிற்று.
அரைஞாண் தாயத்து எக்ஸ்ரேயில் விழும்.
அறுக்காதம்மா என்றார்.
விலாப் பக்கம் நகர்த்தி பிளாஸ்டர் ஒட்டினேன்.

இடப்பக்கம் சாய்த்து, பாதி குப்புற.
மார்புக்கடியில் தலையணை,
முதுகுக்கு முட்டாகச் சுருட்டிய போர்வை,
முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று.
கீழே மாட்டிய கையை வெளியே இழுத்து வைத்தேன்.
நசுங்குகிற கை தூக்கத்தில் புகார் சொல்லாது,
மறுநாள் சட்டைப் பொத்தான் போடும்போது சொல்லும்.

பெல்ட்டை மாட்டும்போது கேட்டார்:
"இன்னாம்மா கட்டு இது?
ஒரு அலை அட்சா பொட்டி கடல்ல."
"இறுக்கினா நெஞ்சு ஏறி எறங்காதுண்ணா."
யோசித்தார்.
"கரெக்டு. பொட்டிக்கு மூச்சு கெடையாது.
எங்க வேலை ஈஸி."
வாய்க் கார்டைக் கவ்வக் கொடுத்தேன்.

பால் நிறத்து மருந்து குழாயில் இறங்கியது.
டாக்டர் உமைரா இமை ரோமத்தைத் தொட்டுப் பார்த்துத்
தலையசைத்தார்.

ஈய அங்கி தோளை அழுத்த, அறை இருட்டு.
எல்லோருக்கும் திரை.
எனக்கு இந்தத் தாடை,
நாலு நாள் தாடி உள்ளங்கையில் குத்த.

கல் அசைகிற நேரம் பார்த்து
அவர் கை எழுந்தது.
காற்றில் இரண்டு சுற்று, கம்பியை முறுக்குகிற மாதிரி.
அமுக்கிப் பிடித்தால் எதிர்த்து இழுப்பார்.
தூக்கத்துக்கும் பலம் உண்டு.
ஒரு கையைத் தாடையில் விட்டு
இன்னொன்றை அவர் விரல்களுக்குள் கொடுத்தேன்.
முறுக்கினார்.
கொஞ்ச நேரம் நான்தான் கம்பி.

"இன்னும் கொஞ்சம் குடுங்க மேடம்" என்றார்
ஸ்கோப் பிடித்திருந்த டாக்டர்.
கொடுத்தார்கள். கை தளர்ந்தது.
கூடவே மூச்சும்.

தொண்ணூற்றெட்டு.
தொண்ணூற்று மூன்று.
மானிட்டரின் சத்தம் படியிறங்குவது
காதுக்கு முன்னால் வயிற்றுக்குத் தெரியும்.
எண்பத்தாறு.
"நிறுத்துங்க."
இரு கையாலும் தாடையை முன்னால் தள்ளினேன்.
யாரோ ஆக்ஸிஜனைத் திருகினார்கள்.
ஏசி மட்டும் பேசியது.

பிறகு ஒரு குறட்டை,
விடியற்காலை லாஞ்ச் என்ஜின்
மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொள்கிற மாதிரி.
தொண்ணூறு.
தொண்ணூற்றைந்து.
எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கல், மிளகளவு.
விழித்ததும் பொக்கைவாயால் முதல் கேள்வி:
"என் பல்லு யார்கிட்ட?"

சாயங்காலம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்
ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் நான்.
கட்டைவிரல் மடங்கவில்லை.
துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள்
நகராத வரிசையில்.
பத்து வருஷமாக இதே ரோடு,
இன்றைக்குத்தான் கவனிக்கிறேன்:
பெட்டி ஒன்றுக்கு மூலைக்கொரு பூட்டு.
பின்னால் ஒன்று, மூடியிருந்தது.
அதன் ஜோடியும்.
முன்னால் ஒன்று, துருப்பிடித்து, ஆனால் மூடி.
நாலாவது அந்தப் பக்கம்.
கழுத்தை வெளியே நீட்டினேன்.
"அண்ணே, ஒரு நிமிஷம், மெதுவா..."
அவர் ஹாரன் அடித்தார்.